ஏழு மணித் தகவல்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தக் கருவிக்கு எல்லோரும் ‘கிழவன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தத் தண்ணீரில் எவ்வளவு பூச்சிமருந்து கலந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்வது அதன் தொழில். மூக்கு இன்னும் கூர்மைதான். அதை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டருக்குத்தான் இருபது வயது தாண்டிவிட்டது. செய்த கம்பெனி கைகழுவியே பன்னிரண்டு வருடம். புதிய கம்ப்யூட்டரை மாட்டினால் கிழவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அதனால் அதைப் பார்த்துக்கொள்ளும் கருவிக்காரர் பழைய சாமான் கடைகளில் அலைந்து, அதே ரகக் கம்ப்யூட்டர்கள் மூன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து இதற்கு உறுப்புதானம் செய்துகொண்டிருந்தார். அவருக்கும் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தான். கிழவன் போய்விட்டால் அவரை மேல்மாடியில் ஏதாவது மேஜைக்குப் பின்னால் உட்கார்த்திவிடுவார்கள், பூந்தொட்டி மாதிரி.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி வந்தாள். இளவயதுப் பெண். பேச்சில் மரியாதை உண்டு, இரக்கம் கிடையாது. கம்பெனி கைவிட்ட கம்ப்யூட்டரில் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை, எவனாவது இதற்குள் நுழைந்தால் கட்டடம் முழுக்க உலாத்தலாம், ஆகவே வெள்ளிக்கிழமை இதைக் கழித்துக்கட்டிவிடலாம் என்றாள்.

கருவிக்காரர் நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். பேரம் ஆரம்பமாயிற்று. இன்டர்நெட்டை மட்டும் வெட்டிவிடலாமே என்றார் அவர்; எந்த வலைக்கம்பியுமே கூடாது என்றாள் அவள். பிரிண்டருக்கு ஒரு கம்பி கேட்டார், அது கிடைத்தது. பென் டிரைவ் செருகுகிற துளைகள் நான்கையும் பசைவைத்து அடைக்கச் சொன்னாள். ஒன்றை விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒவ்வொரு தடவையும் பென் டிரைவை மாடியில் தனிக் கம்ப்யூட்டரில் சோதித்த பிறகுதான் செருக வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒன்றை விட்டாள். தனக்குத்தான் நஷ்டம் என்கிற முகத்தோடு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல வியாபாரம் அப்படித்தான் முடியும்.

கம்பியைப் பிடுங்குமுன், கிழவன் இதுவரை யார் யாரிடம் பேசியிருக்கிறான் என்று பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“சார், இது தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியில ஒரு முகவரிக்கு மெயில் அனுப்புது. பத்து வருஷமா. யாரு அது?”

கருவிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“எங்க வீட்டம்மா. நான்தாம்மா அப்படி வச்சேன்.”

“அவங்களுக்கு எதுக்கு ரிப்போர்ட்?”

“ரிப்போர்ட் இல்ல. சோதனையெல்லாம் முடிஞ்சதும் ‘இன்றைய ஓட்டம் முடிந்தது’ன்னு ஒரே வரி. அது வந்தா அரை மணியில நான் வீட்ல இருப்பேன்னு அர்த்தம். அடுப்பப் பத்த வைப்பா.”

“நீங்களே போன் பண்ணிச் சொல்லலாமே?”

“நான் சொன்னா நம்பமாட்டா. கிழவன் சொன்னா நம்புவா.”

அவள் சிரித்துவிட்டாள். “இனிமே நீங்களே சொல்லி நம்ப வச்சுக்குங்க சார். கம்பியை நான் எடுத்துடறேன். அந்த முகவரிய நீங்க நீக்கிடுங்க. வெள்ளிக்கிழமை பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

துளை துளையாகப் பேரம் பேசியவர் இதற்குப் பேரம் பேசவில்லை. சரி என்று தலையாட்டினார்.

வீட்டில் சொல்ல ஆளில்லை. வீட்டம்மா போய் மூன்று வருடமாகிறது. அவள் போன் மட்டும் சமையலறை அலமாரியில், சார்ஜர் கம்பி செருகியபடியே கிடக்கும். ஏழரைக்கு அவர் கதவைத் திறக்கும்போது அதன் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அவர் வருகிற சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். அன்று மினுக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டவர் போல அவர் வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்குக் கீழ்த்தளத்துக்குப் போனால், பிரிண்டரிலிருந்து காகிதம் தரைவரை தொங்கியது. தகவல் அனுப்ப முடியவில்லை, மீண்டும் முயல்கிறேன். ஏழு மணிக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று விடியவிடிய அரை மணிக்கொரு வரி. விரல்வைத்து எண்ணினார். இருபத்தேழு.

கிழவன் முன்னால் உட்கார்ந்து அந்த முகவரியைத் தேடிப்பிடித்தார். நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது.

“விடுடா,” என்றார். “அவ எடுக்கமாட்டா.”

நீக்கினார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கிழவனுக்கு இரண்டு வருடம் ஆயுள் நீட்டிப்பு. ‘எதனோடும் தொடர்பில்லை. பாதுகாப்பானது’ என்று அச்சிட்ட மஞ்சள் ஸ்டிக்கரை அதன் நெற்றியில் ஒட்டினாள். கையில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. சட்டைப் பையைக் காட்டி, இங்கேயும் ஒட்டிவிட்டுப் போகலாமே என்றார் கருவிக்காரர். அவளுக்கு நல்ல சிரிப்பு.

வாசல்வரை போனவள் திரும்பினாள். “வீட்ல சொல்லிட்டீங்களா சார்?”

“சொல்லிட்டேம்மா.”

“நம்பினாங்களா?”

“ஒண்ணும் சொல்லல.”

அன்று ஏழு மணிக்கு ஓட்டம் முடிந்தது. கிழவன் சத்தமில்லாமல் அடங்கினான். கருவிக்காரர் தன் போனை எடுத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அந்த ஒரே வரியைத் தட்டி அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்துக் கிளம்பினார்.