பத்தாம் நம்பர் மலையில் தண்ணீர்

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் திலகாவுக்கு ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. மலேசியாவின் தானா ராத்தா ஊர் கிளினிக்கில் டாக்டர் ரேகா பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

"போன தடவ மருந்த முழுசா முடிச்சீங்களாக்கா?"

"ஒண்ணு விடல டாக்டர். அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப வருது?"

"கிருமி மூத்திரத்துல மட்டும் மிதக்கல. மயிர் மாதிரி கொக்கி இருக்கு அதுக்கு. மூத்திரப்பை சுவத்துல ஒட்டிக்கிட்டு, அங்க உள்ள செல்லுக்குள்ளயே பூந்துரும். உள்ளயே பெருகும். கொஞ்சம் மருந்துக்குச் சிக்காம தூங்கிக் கெடக்கும். முழிச்சா மறுபடி வெளிய வரும்."

"காலி பண்ணாத குடித்தனம்."

"அதேதான். இப்படியே விட்டா கிட்னிக்கும் ஏறலாம். ஒட்டுறதுக்கு முன்ன கழுவி விட்டுறணும். தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாது. காலையில எவ்ளோ குடிப்பீங்க?"

"மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. மலையில கக்கூஸ் இல்லியே. பொம்பளைங்க யாருமே குடிக்க மாட்டோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை இரண்டு போத்தல் தண்ணீரோடு திலகா பத்தாம் நம்பர் மலை ஏறினாள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தேயிலைச் செடி நிரையின் இருபுறமும் இருவர் பிடித்து நடக்க வேண்டும். ஒருத்தி விட்டால் இயந்திரம் நின்றுவிடும். அவளுக்கு ஜோடி மோகனா. பின்னால் சாக்குப் பிடிப்பவள் செல்லம்மா.

ஒன்பது மணிக்குத் திலகா கைப்பிடியை விட்டாள். கங்காணி பழனியப்பன் வந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"கீழ லயத்து வீட்டுக்குண்ணே. ஒண்ணுக்குப் போகணும்."

"எறங்கி ஏறவே நாப்பது நிமிஷம். கொஞ்சம் தாங்க முடியாதா? எங்கம்மா இதே மலையில முப்பது வருசம் வெட்டுனாங்க. ஒரு நாள் கேட்டதில்ல."

"கேக்கலன்னா வலிக்கலன்னு அர்த்தமாண்ணே? நீங்க செடிக்குப் பின்னால போய்ட்டு வந்து அஞ்சு நிமிஷம் ஆகல."

மோகனா சிரித்துவிட்டாள்.

"சரி, இன்னைக்கு மட்டும்தானே?"

"தெனமும். எனக்குக் கிட்னி வேணும்ணே."

"அப்ப செல்லம்மா பிடிக்கட்டும். மோகனா, நீ ஆரம்பி."

மோகனாவும் தன் பக்கத்துப் பிடியை விட்டாள். திலகாவின் போத்தலைத் திறந்து பாதியைக் குடித்தாள். "எனக்கும் போன மாசம் கடுத்துச்சி. வெக்கத்துல சொல்லல. நானும் போறேன்."

"மேனேஜர் தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"மேல ஒரு கக்கூஸ் கட்டுனா ரெண்டு நிமிஷம்னு சொல்லுங்க," என்றாள் திலகா. "கட்டுற வரைக்கும் நாப்பது நிமிஷந்தான் லா."

இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். செல்லம்மா சாக்கைக் கீழே போட்டாள்.

"நில்லுங்கடி, நானும் வரேன்."