பொறுமைக்கு நன்றி

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியல் ஒட்டப்பட்டது. வெளிநாட்டு ஆங்கில ஆய்விதழில் ஒரு கட்டுரைக்குப் பதினைந்து. தாய்மொழியில் ஒரு நூலுக்கு இரண்டு. வரலாற்றுத் துறையில் இணைப் பேராசிரியர் காலியிடம் ஒன்று. அங்கே விரிவுரையாளர்களாக இருந்த கணவன், மனைவி இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள்.

மே மாதத்தில் ஒரு காலை, கணவர் வெளிநாட்டு ஆய்விதழில் வரவிருந்த தம் கட்டுரையின் அச்சுப்படியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"பக்க எண்ணெல்லாம் உன் புத்தகத்தோட ஒத்துப் பாத்துக் குடேன். உனக்குத்தான் தலைகீழ் மனப்பாடம்."

பன்னிரண்டு பக்கம். மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்களைப் பற்றியது. அவர்களோடு ஏழு வருடம் உட்கார்ந்து அவள் தாய்மொழியில் எழுதிய முந்நூறு பக்கம்தான் ஆங்கிலச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றது. மேலே அவர் பெயர் மட்டும். கடைசியில் ஒரு வரி: என் மனைவியின் பொறுமைக்கு நன்றி.

"அந்தப் பொம்பளைங்க பேச்சை எடுத்துப் போட்ட இடத்துல மட்டும் என் புத்தகப் பேரு இருக்கு. வாதம் யாரோடது? வெந்த கையையெல்லாம் கவனக்குறைவுன்னு எழுதி வச்ச ஆஸ்பத்திரிப் பதிவேடு பொய்யின்னு யாரு கண்டுபிடிச்சா?"

"வாதத்துக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கியா?"

மாமியார் தலையிட்டார். "வீட்டுக்குள்ள யாருக்கு வந்தா என்னம்மா? ஒரே உலைதானே."

"அப்ப எனக்கே வரட்டுமே, அத்தை."

மாமியார் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இங்கிலீஷ்ல எழுதுன்னு அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். துணி வெளுக்கிறவங்க படிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன."

"அதுக்கு நான் ஒத்துக்கிட்ட பிறகுதான் சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா வாயைத் திறந்தாங்க. 'நாங்க சொல்றதை நாங்க படிக்கணும், இல்லேன்னா எழுந்து போ'ன்னாங்க. வாக்குக் குடுத்தேன்."

"வாக்குக்கு ரெண்டு மார்க்குதான்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"இந்த இடம். அந்தப் பொம்பளைங்க சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீங்க அழ வச்சிருக்கீங்க."

"அங்க அதுதான் எடுபடும்."

அவள் அச்சுப்படியை அவர் பக்கமாகத் தள்ளினாள். "பக்க எண்ணை நீங்களே பாத்துக்குங்க."

அன்று பிற்பகல் துறை அறையிலிருந்து ஆய்விதழின் ஆசிரியருக்குப் புகார் எழுதினாள். கட்டுரையின் வாதம் அப்படியே இருந்த ஐந்தாம் அத்தியாயம் முழுவதையும் கோடிட்டு, நூலை இணைத்தாள். பதினோரு நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். அந்த மொழி படிக்கத் தெரிந்தவர் தங்கள் குழுவில் எவரும் இல்லை. ஆங்கிலத்தில் வெளியான பதிப்பு ஏதேனும் இருந்தால் புகாரைப் பரிசீலிக்கலாம் என்றிருந்தது.

அவள் ஒரே வரியில் பதில் அனுப்பினாள். அந்த நன்றியையாவது நீக்கிவிடுங்கள்.

ஜூலை இதழில் கட்டுரை வெளிவந்தது. நன்றி வரி இல்லை. செப்டம்பர் முதல் தேதி கணவர் இணைப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.