யாரு நீ என்று கேட்டவர்கள்

அமாவாசை என்றால் தறிக்கு லீவு. அந்த ஒரு நாள்தான் ஜெயவேல் பகலில் வெளியே தலைகாட்டுவான். போஸ்டரில் தொட்டிலும் வளையல் அடுக்கிய இரண்டு கைகளும் இருந்ததால் குடும்பப் படம் என்று நம்பி, எட்டு மாத வயிற்றோடு இருந்த மனைவி ரேணுகாதேவியை மேட்னி ஷோவுக்கு அழைத்து வந்திருந்தான். இடைவேளைக்கு முன்பே குட்டு வெளிப்பட்டுவிட்டது. பேய்ப் படம். "எழுந்து போயிரலாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். முடிவு தெரியாமல் போனால் தூக்கம் வராது என்று அவள்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிவும் வந்தது. கர்ப்பிணி நாயகி தரையில் விழுந்தாள்; கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உடுக்கை முழங்கியது. பூசாரி வேப்பிலையால் அவள் முகத்தில் அடித்து, "யாரு நீ? சொல்லு, யாரு நீ?" என்று கத்தினான். பேய் அலறிக்கொண்டு ஓடியது. குழந்தை அழுதது. முன்வரிசையில் விசில் பறந்தது.

ஜெயவேல் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் வெயில் ரேணுகாவின் கண்ணைக் குத்தியது.

"இன்னாங்க, காலைலேர்ந்து தலை வெடிக்குது. இப்போ கண்ணுல பூச்சி பறக்குது."

"திலகாவும் இப்படித்தான் சொன்னா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. திலகவதி அவனுடைய முதல் மனைவி. ஏழாம் மாதத்தில் பேய் அடித்துச் செத்தாள் என்றுதான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். இப்போது அவள் அந்த வீட்டுப் பூவாடைக்காரி. சுமங்கலியாகப் போனவளைச் சாமியாக்கி, புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். ரேணுகாவும் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டிருக்கிறாள்.

"எப்ப சொன்னா?"

அவன் வண்டிகளின் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்குக் காலைல. மத்தியானம் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மா கற்பூரம் கொளுத்துச்சு. பூசாரியக் கூட்டியாந்தோம்."

"அவ இன்னா சொன்னா?"

"பேசல. நாக்கக் கடிச்சிகினு கெடந்தா. யாரு நீ, யாரு நீன்னு எல்லாரும் கேட்டுகினே இருந்தோம்."

"நீயுமா?"

கல்யாணமாகி இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"நானுந்தான்."

கண்ணில் பூச்சி பறந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காதே, ஜன்னி வந்து கைகால் இழுத்துவிடும் என்று நர்ஸம்மா போன மாதமே அவளிடம் சொல்லியிருந்தாள். ஜன்னி. சுற்றி நின்ற அத்தனை பேரையும் திலகவதிக்குத் தெரியும். மாமியார், நாத்தனார், தாலி கட்டியவன். அவ்வளவு பேரும் குனிந்து அவள் யார் என்று அவளையே கேட்டிருக்கிறார்கள். பல்லுக்கடியில் நாக்கு சிக்கியிருக்கும்போது அவள் தன் பேரை எப்படிச் சொல்லியிருப்பாள்?

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அவள் அதற்குள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள். அவனும் பின்னால் ஏறிக்கொண்டான்.

நர்ஸ் பிரஷரை இரண்டு முறை பார்த்தாள். "நூத்தி எழுபது. எப்டிம்மா நடந்து வந்த?" என்றவள் ஜல்தியாக ஊசி குத்தி மருந்து ஏற்ற ஆரம்பித்தாள். பிறகு நோட்டை எடுத்தாள். "உங்க வீட்ல மாசமா இருக்கறப்போ யாருக்காச்சும் ஜன்னி வந்திருக்கா?"

"வந்திருக்கு. திலகவதின்னு பேரு. செத்துட்டா."

"அக்காவா?"

"இவரோட மொத சம்சாரம்."

நர்ஸ் பேனாவை மூடினாள். "ரத்த சொந்தமா இருந்தாத்தான் எழுதணும்மா."

"பரவால்ல, எழுதுங்க."

"இதுல அதுக்கு எடமில்ல."

மருந்து ஏற ஏற உடம்பெல்லாம் அனலாகக் கொதித்தது. ஜெயவேல் கதவோரம் நின்றிருந்தான். அவன் வாய் திறப்பான் என்று ரேணுகா காத்திருந்தாள். அவனுடைய போன் அடித்தது.

"ஒண்ணுமில்லம்மா," என்றான். "லேசா தலைவலி."