பெங்காசியில் மார்ச் எட்டு

றத்கா வாய் திறந்ததும் நபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அரபு காதில் விழுந்தால் கை தானாகத் தலைக்குப் போய்விடும். பிறகுதான் கணவர் மீரா முகைதீன் சிரிப்பதைக் கவனித்தாள். ஓதல் இல்லை, ஏதோ ஊர்வம்பு. நாற்பது வருடமாக அந்த மொழியில் ஓதிவருகிறவள், சிட்னியின் டூங்கபியில் தன் வீட்டுக் கதிரையிலேயே ஒரு சொல்லும் விளங்காமல் இருந்தாள். பல்கேரியக்காரி றத்கா அதில் பகிடி விட்டுக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளில் மீரா முகைதீன் லிபியாவில், பெங்காசி ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் ஆறு வருடம் வேலை பார்த்தார். றத்கா அங்கே நர்ஸ். குவாட்டர்ஸில் முப்பது பல்கேரியக் குடும்பங்கள். தமிழ் ஆள் இவர் ஒருவர்தான். இப்போது மெல்பேர்ணில் மகளோடு இருக்கும் றத்கா, சிட்னிக்கு வந்த இடத்தில் எட்டிப் பார்க்க வந்திருந்தாள்.

"என்னவாம்?"

"சும்மா, பழைய கதை."

றத்கா பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். மார்ச் எட்டு, பெண்கள் தினம் என்று உடைந்த இங்கிலீஷில் விளக்கினாள். அன்று அவர்களில் பெண்கள் இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார்களாம். ஆண்கள்தான் சமைத்துப் பரிமாறுவார்களாம். படத்தில் நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். பின்னால் பூப்போட்ட ஏப்ரன் கட்டி, தட்டும் கையுமாக மீரா முகைதீன். பல் அத்தனையும் தெரியச் சிரிப்பு. மூலையில் 1986.

அறையில் தனியே இருந்து காய்ந்த ரொட்டி தின்கிறேன் என்று அந்த வருடம் அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதன்பின் ஊரில், அக்கரைப்பற்றில், ஒரு கல்யாணச் சோறும் நபீசாவுக்கு இறங்கவில்லை. இங்கே அவர் தன் கோப்பையைக்கூடக் கழுவியதில்லை. படத்தில் இருந்தவர்களில் எவளும் பெரிய அழகியில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. ஒருத்தியென்றால் அவளை வெறுத்துவிட்டுப் போகலாம். ஒரு மேசை முழுவதையும் எப்படி வெறுப்பது?

"ஏப்ரன் ஆர் கட்டிவிட்ட?"

"ஆருக்கு ஞாபகம்? அது அவங்கட பழக்கம், புள்ள."

"காய்ஞ்ச ரொட்டி எண்டு எழுதினீங்களே."

"மத்த நாளெல்லாம் அதுதான்." அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்ப எழும்புங்க. எங்க ரெண்டு பேருக்கும் கோப்பி போடுங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து குசினிக்குள் போனார்.

"நபீசா, சீனி எங்க?"

றத்கா உதவிக்கு எழும்பப் போனாள். நபீசா அவள் முழங்காலில் கைவைத்து இருத்தினாள். கையை எடுக்கவும் இல்லை. உள்ளே அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது கேட்டது.