தரை தொடாத கிடேரி

கப்பலிலிருந்து இறக்கப்பட்ட சிவப்புக் கிடேரி தரையைத் தொடவில்லை. தொழுவத்தின் சிமெண்டுத் தளத்துக்கு ஒரு சாண் மேலே, நாலு காலையும் ஒழுங்காக ஊன்றிக் காற்றில் நின்றது. அந்த வாரம் மாட்டிறைச்சி விலை ஏறியிருந்ததால் துறைமுகத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. கிடேரி விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. நடந்தது இவ்வளவுதான். வயிற்றுக்கடியில் அகலப் பட்டை கட்டி, ஒவ்வொரு மாடாகக் கிரேனில் தூக்கித் தொழுவத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி மாட்டின் முறை வந்தபோது கிரேன்காரருக்கு டீ நேரம் வந்துவிட்டது. ஒரு சாண் பாக்கி இருக்கும்போதே நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். கீழே நின்ற கூலியாள் மாடு இறங்கிவிட்டது என்று நினைத்துக் கொக்கியைக் கழற்றினார். பட்டை விழுந்தது, மாடு விழவில்லை. திரும்பி வந்த கிரேன்காரர் மாட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எதற்கு வம்பு என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெளிநாட்டு மாடுகளைச் சோதிப்பதற்காக அந்தத் தொழுவத்தில் ஒரு டாக்டர் இருந்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார் என்பதால் குளம்பு டாக்டர் என்று பெயர். கோமாரி நோய் ஊருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதிகள் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மாட்டின் நாலு குளம்பும் தரையில் பட்ட நாள்தான் முதல் நாள். அதிலிருந்து முப்பது நாள் தனியாக வைத்து, காய்ச்சல் பார்த்து, நாக்கில் கொப்புளமும் குளம்பிடுக்கில் புண்ணும் இல்லை என்று பார்த்து, ரத்தம் சோதித்து, அப்புறம்தான் வெளியே விட வேண்டும். தொழுவத் தரையில் கால் வைத்த மனிதர்களுக்கும் அதே கதிதான். உள்ளே இருக்கும் கடைசி மாட்டுக்கு முப்பது நாள் முடியும்வரை, வேறு மாடு நிற்கிற எந்த இடத்திலும் அவர்கள் கால் வைக்கக் கூடாது. கையைத் தேய்த்துக் கழுவலாம், துணியைக் கொதிக்க வைக்கலாம், காலை மட்டும் அந்த விதி நம்பவில்லை.

இதில் டாக்டருக்கு என்ன சங்கடம் என்றால், அவர் வீட்டில் மாடு இருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டி வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகையில் மனைவி வளர்க்கும் கறவை மாடுகள். அந்தப் பாலை விற்றுத்தான் மகளின் படிப்புச் செலவு ஓடியது. டாக்டரின் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாய்ப் போய்விடும். கப்பல் வந்தால் ஒரு மாதம் தொழுவத்தை ஒட்டிய அறையில் கிடப்பார், முடிந்ததும் வீட்டுக்குப் போவார். மனைவிக்கும் அது பழகிப்போயிருந்தது. அந்தத் தடவையும் பையில் நாலு சட்டையை மடித்து வைத்து, "சீக்கிரம் வந்து சேருங்க, கொட்டகைக் கூரை ஒழுகுது" என்றுதான் அனுப்பினாள். கூட வந்த மாடுகள் முப்பது நாள் முடித்துப் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கிடேரிக்கு முதல் நாளே வரவில்லை. கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

தரைக்குக் கொண்டுவர என்னென்னவோ செய்து பார்த்தார்கள். முதுகில் மணல் மூட்டை கட்டினார்கள். மூட்டையோடு அதே உயரத்தில் நின்று வைக்கோல் தின்றது. குளம்பைப் பிடித்து இரண்டு பேர் கீழே இழுத்தார்கள். இழுத்தவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மாடு வராவிட்டால் தரை வரட்டும் என்று ஒரு பொறியாளர் சொல்லி, அடியில் செங்கல் அடுக்கிப் பூசினார்கள். பூச்சு காய்ந்த அன்று கிடேரி இன்னும் ஒரு சாண் மேலே ஏறிக்கொண்டது, இடித்தெடுத்ததும் பழைய உயரத்துக்கே வந்து நின்றது. பொறியாளர் தன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருப்பி அனுப்பலாம் என்றால், எங்கள் மண்ணை விட்டுப் போனது எங்கள் மாடில்லை என்று அந்த நாடு எழுதிவிட்டது. வெட்டலாம் என்றால், இன்னும் நாட்டுக்குள்ளேயே வராத மாட்டை எந்த விதியின் கீழ் வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. விதி எழுதினவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்கள் கண்ட மாடெல்லாம் தரையில்தான் நின்றிருக்கும்.

கிடேரிக்கு ஒரு நோயும் வரவில்லை, ஒரு நாள் வயதும் கூடவில்லை. டாக்டர் தினமும் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வந்த அன்று எத்தனை பால்பல் இருந்ததோ அத்தனையும் அப்படியே இருக்கும். அவர் பல்தான் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியது. மற்ற நேரங்களில் பக்கத்துக் குளிர்கிடங்குக்குப் போய், கப்பலில் வந்த இறைச்சிப் பெட்டிகளைத் திறந்து, எலும்பு நீக்கியிருக்கிறதா, நோய் தங்கும் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்களா என்று பார்த்து முத்திரை குத்துவார். கப்பல்கள் வந்தன, மாடுகள் வந்தன, முப்பது நாளில் போயின. ராஜினாமா எழுதிக் கொடுத்தார். தனிமைக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து ஏற்கப்படும் என்று பதில் வந்தது. அதைப் படித்து அவர் சிரித்தாராம். அதற்கப்புறம் அவர் அதிகம் சிரித்ததாகச் சொல்வதற்கு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி வருவாள். மாடு வளர்க்கிறவர்கள் வெளிவேலியைத் தாண்டக் கூடாது, வீட்டில் மாடு வைத்திருக்கிற டாக்டர் உள்வேலியைத் தாண்டக் கூடாது. நடுவில் ஒரு லாரி திரும்புகிற அகலம். ஆகவே குடும்ப விஷயம் எல்லாவற்றையும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "மோட்டார் ரிப்பேர்!" என்று அவள் கத்துவாள். "எந்த மோட்டார்?" என்று இவர் கத்துவார். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரின் விலாசம் சொல்வார்கள். டாக்டரின் மூலநோய் பற்றிய விசாரிப்பும் அதே குரலில்தான் நடந்தது. சண்டை போட்டால் துறைமுகமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். மகளுக்குக் கல்யாணம் ஆன அன்று, மாலையும் பட்டுமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிவேலிக்கு வந்து நின்றார்கள். மாப்பிள்ளைப் பையனுக்குக் கத்திப் பேசிப் பழக்கமில்லை, உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, அறைக்குள் போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தார். ஊரே கேட்டுப் பழகிய குரல், தெரியாமல் போகுமா?

மறுவாரம் மனைவி வந்தாள். "மாட்ட வித்துடட்டுமா?" என்றாள். கத்தவில்லை, ஆனாலும் அவருக்குக் கேட்டது.

"நீ என்ன சொல்ற?"

"நாட்டுக்குள்ளயே வராத மாட்டுக்காக வீட்டுல நிக்கிற மாட்ட விக்கணுமான்னு இருக்கு. ஆனா எனக்கும் வயசாகுதுங்க."

"விக்காத," என்றார் டாக்டர். "நான் வர்றப்ப வீடு வீடா இருக்கணும்."

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வர்றப்பன்னா எப்ப?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மேலதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நல்ல மனிதர். ஒரு மத்தியானம் தொழுவத்துக்கே வந்து, கிடேரியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, டாக்டரின் தோளில் கை போட்டார். "எதுக்கு சார் இந்தப் பாடு? குளம்பு தரையில பட்டுச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. முப்பது நாள்ல வீட்டுக்குப் போங்க. யார் வந்து அளக்கப் போறாங்க?" என்றார். டாக்டர் கிடேரியின் காலடியைக் குனிந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஒரு குழியைப் பார்த்திருந்தார். யாரோ ஒருத்தர் எங்கோ ஒரு துறைமுகத்தில் போகிற போக்கில் எழுதின ஒரு வரியால் வந்த கோமாரி அது. நோய் வந்த மாடு, வராத மாடு எல்லாவற்றையும் வரிசையாய்ச் சுட்டுக் குழியில் தள்ளி எரித்தார்கள். எரிகிற வாசனையைவிட, காலியான கொட்டகைகளில் சும்மா தொங்கிய கயிறுகள்தான் அவரை விட்டுப் போகவில்லை. "படலையே சார்," என்றார். "எனக்கு வீட்டுக்குப் போகணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம். ஆனா படலையே." அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். எழுதச் சொல்லி அதற்கப்புறம் யாரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை முதலில் கண்டுபிடித்தவர் தொட்டிக்காரர். தொழுவ வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதில் காலை முக்கித்தான் நடக்க வேண்டும். அதை நிரப்பி, காலைக் கவனிப்பது அவர் வேலை. ஒரு நாள் டாக்டரின் பூட்ஸ் காய்ந்தபடி வெளியே வந்தது. "டாக்டரே, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீங்களே நனைக்காம போறீங்களே!" என்று சத்தம் போட்டார். டாக்டர் திரும்பி வந்து தொட்டிக்குள் நடந்தார். தண்ணீர் அசையவே இல்லை. இன்னொரு தடவை நடந்தார். ஒரு விரற்கடை மேலே நடக்கிறார் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. தொட்டிக்காரர் ஒரு கிண்ணத்தில் மருந்தை மொண்டு வந்து பூட்ஸின் அடியில் ஊற்றிக் கழுவி, "இப்ப போங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் அப்படியே செய்தார்.

மழைக்காலத்துக்குள் ஒரு விரற்கடை ஒரு சாண் ஆகிவிட்டது. அலுத்துப்போன மனிதருக்குக் கால் கனக்கும் என்பார்கள். இவருக்கு அலுப்பு அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டது போலிருக்கிறது. வேலிக்கு அப்பாலிருந்து மனைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என்ன, திடீர்னு உயரமா தெரியறீங்க?" என்று கத்தினாள். "புது பூட்ஸ்!" என்று இவர் கத்தினார். மூட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடேரியும் அவரும் இப்போது சரிமட்டத்தில் நின்றார்கள். பல்லைப் பார்க்கக் கையைத் தூக்க வேண்டியதில்லை, அதொன்றுதான் சௌகரியம்.

அப்போதிருந்த மேலதிகாரி ஓர் அம்மையார். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர், ஆனால் விதியை வரி வரியாகப் படிக்கிறவர். முத்திரை விஷயமாகத் தொழுவத்துக்கு வந்தவர் டாக்டரின் காலடியில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்தார். குனிந்து, தன் கைப்பையை அந்த இடைவெளியில் ஒரு தடவை நுழைத்து எடுத்தார். பிறகு விதிப் புத்தகத்தை வரவழைத்து, அங்கேயே ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து படித்தார்.

"மாடு இருக்கிற எடத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதான் இருக்கு," என்றார்.

"ஆமாங்கம்மா."

"உங்களால வைக்க முடியுமா?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். "முடியாதுங்கம்மா."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க? குளிச்சு, துணி மாத்திக்கிட்டு வீட்டுக்குப் போங்க. காலையில வந்துடுங்க, மாடு எங்கயும் போகப் போறதில்ல."

டாக்டருக்கு அழத் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் குளிக்கப் போனார். தொட்டிக்காரர் வழக்கம்போல ஒரு கிண்ணம் மருந்து ஊற்றிவிட்டார். பட்டப்பகலில் துறைமுகச் சாலை வழியாக, பஸ் நிறுத்தம் தாண்டி, பாலம் ஏறி இறங்கி அவர் போனார். டீக்கடையில் நின்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி இறைச்சி விலைக்குத் திரும்பினார்கள். அந்த வாரம் அது இறங்கியிருந்தது. பாலத்தின் அந்தப் பக்கம் எத்தனையோ வீடுகள் மாடி ஏறியிருந்தன. தன் தெருவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

மனைவி ரப்பர் குழாயைப் பிடித்துக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். தண்ணீர் அவர் காலடியில் ஓடி மறுபக்கம் போனது, ஒரு சொட்டும் படவில்லை. "வாங்க," என்றாள். அவர் மூக்கைத் தூக்கி மாட்டு வாசனையை இழுத்தார். அவர் பார்த்திராத மாடுகள் நின்றன, அவர் பார்த்த மாடுகளின் பேத்திகளாக இருக்கும். அவள் குழாயைப் போட்டுவிட்டு வந்து இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் கூட இறங்கவில்லை. அப்படியே கையை எடுக்காமல் நின்றாள். இத்தனை வருஷமும் லாரி அகலத்துக்கு அப்பாலிருந்து பார்த்த முகம், இப்போது கைக்கெட்டும் தூரத்தில், ஒரு சாண் மேலே. "தொலையட்டும், வீடு கூட்டறப்ப கால எடுங்கன்னு சொல்ல வேண்டியதில்ல," என்றாள். சொல்லிவிட்டு அவர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு சாண் மேலேதான் உட்கார்ந்தார், கட்டிலில் படுத்தாலும் ஒரு சாண் மேலேதான். ஒரே கட்டிலில் அவள் கீழே, அவர் மேலே. பேசுவதென்றால் ஒருவர் குரலை உயர்த்த வேண்டும், அது இரண்டு பேருக்கும் போதும் போதும் என்று ஆகியிருந்தது. அவள் தச்சரை வரவழைத்தாள். கட்டிலை நடுவில் அறுத்து இரண்டாக்கி, தன் பாதியின் கால்களுக்கு அடியில் ஒரு சாண் உயரக் கட்டைகள் வைக்கச் சொன்னாள். தச்சர் இரண்டு பாதியையும் பார்த்தார், வாசலில் நின்ற டாக்டரைப் பார்த்தார், கூலியைச் சொன்னார். டாக்டர் இப்போதும் காலையில் தொழுவத்துக்குப் போய் அந்தக் கிடேரியின் பல்லைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார். கொட்டகைக் கூரையை அவரே வேய்ந்துவிட்டார். ஏணிக்கு எப்போதும் ஒரு படி குறைவாகத்தான் தேவைப்பட்டது.