இருபத்தேழாம் எண்ணுக்கு முப்பத்தொரு புகார்

ஜூன் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. கருத்துப் படிவத்தின் நான்காவது கட்டம் கதவு எண். ஒருவர் எந்தக் கட்டிடத்தைப் பற்றிப் பேசுகிறாரோ அதன் எண்ணை எழுத வேண்டுமாம். நான் அவர் எங்கே உட்கார்ந்து பேசினாரோ அந்த இடத்தின் எண்ணை எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு படிவங்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது சரிதானா என்று தெரியவில்லை.

நாட்குறிப்பை எழுதி முடித்தபின் அவள், ‘சிறு’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டு மாலை வகுப்புக்குக் கிளம்பினாள். அங்கே கட்டிட வரைபடம் படிக்கிறாள். பகலில் நகராட்சியில் தற்காலிக வேலை. தெருவை அகலப்படுத்தி, இருபுறமும் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுப்பப் போகிறார்கள். அதற்குமுன் குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதி வர வேண்டும். அவளுக்குக் கொடுத்தது அவள் குடியிருக்கும் தெருவையே.

முதல் மூன்று நாள் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தாள். பகலில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? இருந்தவர்களும் சங்கிலியை எடுக்காமல், இடுக்கு வழியாக, “ஒண்ணும் வேண்டாம்மா” என்றார்கள். நான்காம் நாள்தான் புத்தி வந்தது. தெருவே மத்தியானம் இருபத்தேழாம் எண்ணில்தான் இருந்தது. கீழே எட்டு மேசை போட்ட சாப்பாட்டுக்கடை. மேலே ஒரே அறை. கடை நடத்துகிற அக்காவும், பக்கவாதம் வந்து படுத்த அவள் கணவனும் அங்கே இருந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும்.

“மூலை மேசை காலியாத்தான் கெடக்கு, உக்காந்துக்க. ஆனா சாப்பிடாம உக்காரக் கூடாது” என்றாள் அக்கா.

அன்றிலிருந்து கடையில் அவள் பெயர் ‘படிவம்’ ஆகிவிட்டது. “படிவம், தண்ணி ஜக்கைத் தள்ளு.” “படிவம், நான் இருமினதையும் எழுதிட்டியா?”

புதுத் தெருவின் வண்ணப்படம் ஒன்றை மேசைமேல் விரித்து வைப்பாள். ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள்.

“இத்தனை கண்ணாடியை யாரு துடைப்பா? படத்துல துடைக்கிறவன் எவனையும் காணோமே” என்றார் பத்தொன்பதாம் எண்ணில் பட்டறை வைத்திருந்த தச்சர்.

“அதை விடு. எல்லாரும் எவ்வளவு ஒல்லியா இருக்காங்க பாரு. அந்தத் தெருவுல சாப்பாட்டுக்கடையே இல்லைபோல” என்றார் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்.

“இங்க தின்னு நீங்க மட்டும் என்ன குண்டாயிட்டீங்க?” என்று அடுப்படியிலிருந்து அக்கா குரல் வரும். “உன் சூப்புல மெலியத்தானே முடியும்” என்பார் தச்சர். “இந்தச் சுவரு நிக்கிறதே உன் புகையைப் பிடிச்சுக்கிட்டுத்தான்.” கடையே சிரிக்கும்.

சிரித்து ஓய்ந்ததும் அவரவர் வீட்டுக் குறையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். பட்டறைச் சுவரில் விரிசல். பெரியவர் வீட்டுக் கூரையில் ஒழுக்கு. இன்னொருவர் வீட்டுக் குளியலறையில் சாக்கடை எதிர்த்து வருகிறது. ஒருநாள் படிவத்தின் அம்மாவும் மூலை மேசைக்கு வந்து, முப்பத்துமூன்றாம் எண்ணின் மரப்படி ஆடுகிறது என்று பத்து நிமிடம் புலம்பிவிட்டுப் போனாள். அம்மாவும் அவளும் இன்னும் ஆறு குடும்பங்களும் வாடகைக்கு இருக்கிற கட்டிடம் அது. எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் எழுதினாள். எந்த இடத்தில் எடுத்த படிவம் என்பது தெளிவாக இருக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே நான்காவது கட்டத்தில், அழகான கையெழுத்தில், முப்பத்தொரு முறை 27 என்று எழுதினாள். எல்லாவற்றையும் ஒப்படைத்தபின், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியின் படிவங்களில் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எண் இருந்ததைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமைதான் அவளுக்கு உறைத்தது.

புதன்கிழமை காலை இருபத்தேழாம் எண் சுவரில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். பாதுகாப்பற்ற கட்டிடம். தெருவில் முதலாவதாக அகற்றப்படும். இருபத்தோரு நாளில் காலி செய்யவும். ஆட்சேபணைக்கும் திருத்தத்துக்கும் கடைசி நாள் 16ஆம் தேதி நண்பகல். காரணம்: பொதுமக்கள் புகார், முப்பத்தொன்று.

மத்தியானம் அவள் போனபோது அக்கா கையில் கரண்டியோடு தாளுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“கூரை ஒழுகுதாம். சாக்கடை வருதாம். மரப்படி ஆடுதாம். எனக்கு ஏதுடா மரப்படி? இரும்புப் படிதானே இருக்கு?”

உள்ளே எட்டு மேசையிலும் எல்லாரும் தட்டைப் பார்த்துத் தின்றார்கள். ஒருவன் உப்பு கேட்டான், அதுவும் கையால்.

“முப்பத்தொரு பேர்” என்றாள் அக்கா, உள்ளே வந்து. “என் கையால தின்னுட்டு, என் மேசையிலேயே உக்காந்து சொல்லியிருக்கீங்க.” பிறகு தச்சர் பக்கம் திரும்பினாள். “சுவத்துல விரிசல்னு போட்டிருக்கு. தினம் சுவரைப் பத்திப் பேசினது யாரு?”

“அக்கா, நான் சொன்னது என் பட்டறைச் சுவரை...”

“தட்டை வெச்சுட்டு எழுந்திரு.”

தச்சர் பாதி ரொட்டியோடு எழுந்து போனார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அக்காவை அல்ல, மூலை மேசையை.

படிவம் வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள். இன்று எல்லாரும் கொதித்துப்போய் இருக்கிறார்கள், முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பயம்தான் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினாள்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

“திருத்தப் படிவம் கொடும்மா. முப்பத்தொண்ணுக்கும் தனித்தனியா. ஆனா எந்த ஆள் எந்த வீட்டைச் சொன்னான்னு உனக்கு எப்படித் தெரியும்? பேர் கேட்கக் கூடாதே.”

“என் நோட்டுல குறிச்சு வெச்சிருக்கேன் சார். பழக்கம்.”

“நல்ல பழக்கமா கெட்ட பழக்கமான்னு தெரியலை.” சற்று யோசித்தார். “ஒண்ணு புரிஞ்சுக்க. புகார் மறைஞ்சு போகாது. இருபத்தேழுலேர்ந்து எடுத்தா வேற எண்ணுல போய் உக்காரும். எது அதிகமோ அந்தக் கட்டிடம்தான் முதல்ல. இந்தத் தெருவுல ஒண்ணை இந்த மாசம் இடிச்சே ஆகணும்.”

“வீட்டுக்காரருக்கு நஷ்ட ஈடு உண்டுல்ல சார்?”

“வீட்டுக்காரருக்கு உண்டு. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இந்தத் திட்டத்துல ஒண்ணும் இல்லை.” கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “திருத்தத்தோட உன் வேலையும் போகும். அதையும் சொல்லிடறேன்.”

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நோட்டை விரித்து எண்ணினாள். பத்தொன்பதுக்கு ஆறு. இருபத்திரண்டுக்கு ஐந்து. சில்லறையாக மற்ற வீடுகளுக்கு ஏழு. முப்பத்துமூன்றுக்குப் பதின்மூன்று. மறுபடி எண்ணினாள். கீழிருந்து மேலாகவும் எண்ணினாள். பதின்மூன்றுதான். அதில் ஒன்று அம்மாவுடையது. இருபத்தேழுக்கு ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்குப் போனாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படிவம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒப்பித்த பாடம்போல வந்தது. தனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப, அவங்க யாருமே என் கடையைச் சொல்லலையா?”

“ஒருத்தரும் சொல்லலக்கா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“நான் தச்சரை எழுப்பி விட்டது புதன்கிழமை. நீ அங்கதான் உக்காந்திருந்த.” குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “பதினாலு வருஷம் அந்த ஆளு இங்க சாப்பிட்டாரு. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய்க் கூப்பிடுவேன்?”

அக்கா உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள்.

“சரி. மாத்தினா யாரு வீடு போகும்?”

“முப்பத்திமூணு.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ கோலால் தரையைத் தட்டினார்கள், இரண்டு முறை.

“உங்க வீடு” என்றாள் அக்கா. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “பெரிய மனசு பண்ணி, வேண்டாம்மா விட்டுடுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மனுஷனைக் கீழ இறக்க நாலு பேர் வேணும். அந்த நாலு பேர்ல முதல் ஆளையே நான் விரட்டியாச்சு. நீ மாத்து.” இரும்புப் படியில் கால் வைத்தவள் நின்றாள். “இனிமே இங்க சாப்பிட வராதே.”

சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே நான்கு சட்டைகளை மடித்தாள்.

“எழுதினது நீதானே? எழுதினது எழுதினபடி இருக்கட்டும். எவனும் உன்னைக் கேட்கப் போறதில்லை.”

“அக்கா கடை மேல தப்பே இல்லைம்மா. நம்ம படிதான் ஆடுது. நீயே சொன்ன.”

“சொன்னேன்! பெத்த பொண்ணுன்னு நினைச்சு சொன்னேன். நகராட்சின்னு நினைச்சா சொல்லியிருப்பேன்?”

“ஆடுறது நிஜம்தானேம்மா.”

“நிஜம்னா? நிஜத்துல போய்க் குடியிருக்க முடியுமா?” ஐந்தாவது சட்டையை மடிக்காமல் கட்டிலில் எறிந்தாள். “ஏழு குடும்பம்டி. மேல் வீட்டுக்காரி நிறைமாசம். அவகிட்ட நீயே போய்ச் சொல்லு.”

ஞாயிறு காலை அவள் ஒரு திருப்புளியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். படிகளைத் தாங்கும் சாய்மரத்தை எங்கே சோதிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சுவரில் செருகியிருக்கும் முனையில். திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினாள். கெட்டியாக இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள், இல்லாவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள். எதை விரும்புகிறோம் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போனது. இழுத்தபோது ஈரமான கறுப்புத் தூள் அவள் மணிக்கட்டில் கொட்டியது. தலைக்குமேல் யாரோ இறங்கி வந்தார்கள். மேல் வீட்டுக்காரி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. அவள் கடைசிப் படியைத் தாண்டும்வரை படிவம் மூச்சை வெளியே விடவில்லை.

பிறகு வெளியே வந்து, அவளை நிறுத்தி, சொன்னாள். மேல் வீட்டுக்காரி ஒன்றும் திட்டவில்லை. “எத்தனை நாள் இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“இருபத்தோரு நாள்.”

“எனக்குப் பதினெட்டு நாள்ல பிரசவத் தேதி” என்றாள் அவள். வந்த வழியே திரும்பி மேலே ஏறப் போனாள். படிவம் பின்னாலேயே போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதறவுமில்லை, சாய்ந்துகொள்ளவுமில்லை.

மாலைக்குள் முப்பத்தொரு திருத்தப் படிவங்களையும் எழுதிவிட்டாள். அம்மா அறைக்குள் வந்தாள், மேசையைப் பார்த்தாள், போனாள். அம்மாவின் படிவத்தை எழுதும்போது மட்டும் கை நின்றது. ‘மரப்படி ஆடுகிறது’ என்ற வரிக்குக் கீழே, ‘சோதித்துப் பார்க்கப்பட்டது’ என்று சேர்த்து, தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு. எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்தேன். புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். நாளை: ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போய்த் தச்சரிடம் நடந்ததைச் சொல்வது; அவர் வந்தால், படிக்கு முட்டுக் கொடுக்க அளவு எடுக்கச் சொல்வது; பன்னிரண்டு மணிக்குள் படிவங்களைக் கொடுத்து முத்திரை வாங்குவது.