ஒன்பது கட்டங்கள்

ஒத்திகையின் முதல் சுற்று முடிந்து அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்து, மன்றச் செயலாளர் மேடையேறி அவளுடைய நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் வாத்தியம் கடைசி வரிசைக்குக் கேக்கவே இல்ல. குழலும் ஹார்ப்பும் போதும். போஸ்டர்லயும் அப்படித்தான் அடிச்சாச்சு. நீ வேணும்னா அவங்களுக்கு நோட்டுப் பக்கம் திருப்பிவிடேன்."

அவள் கையில் இருந்தது வியோலா. வயலினுக்கு அக்காள் மாதிரி. உடம்பும் பெரிது, குரலும் தடிப்பு. மூன்று பேருக்கென்றே எழுதிய இசை அது. நான்கு மாதம் பழகியிருந்தார்கள். நிகழ்ச்சி நாளை மாலை.

"அப்படின்னா என் யானையும் வீட்டுக்குப் போகுது சார்," என்றார் ஹார்ப் வாசிப்பவர். நாற்பத்தேழு தந்தி பூட்டிய அதை வேனில் ஏற்றி இறக்குவதால் அவருக்குப் பாகன் என்று பெயர். சொன்னாரே தவிர, அசையவில்லை. இறக்கவே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் செயலாளர். "பின்னாடி நின்னு லைட் சரிபார்த்துக்கிட்டே காதை இங்கதான் வச்சிருந்தேன். நடுவுல குழல் அப்படியே அடிக்குரலுக்கு இறங்கி வருதே, ஒரு இடம்! உடம்பு சிலிர்த்துடுச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?"

அந்த மெட்டை முணுமுணுத்தும் காட்டினார். சுருதி பிசகவில்லை.

அவளுக்குக் காது சுட்டது. அவர் முணுமுணுத்தது அவளுடைய மெட்டு. இசைத்தாளில் அந்த ஒன்பது கட்டங்களும் குழலுக்கு ஓய்வு. குழல் வாசிக்கும் அண்ணி அப்போது கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் கேட்டால், குழலின் அடிக்குரலும் வியோலாவின் குரலும் கூடப்பிறந்தவை போலத்தான் இருக்கும்.

அண்ணி வாயைத் திறந்தாள். அவள் அண்ணியின் காலை மிதித்தாள்.

"சரி சார். நான் இல்லாம ஒரு தடவை வாசிக்கட்டும். உங்களுக்குச் சிலிர்த்த இடம் வரைக்கும்."

வாசித்தார்கள். செயலாளர் சொன்னபடியே அவள் நின்று பக்கம் திருப்பினாள். அந்த இடம் வந்தது. அண்ணி குழலை மடியில் வைத்தாள். ஹார்ப் மட்டும் இரண்டு ஒலி, இடைவெளி, இன்னும் இரண்டு ஒலி. காலி வீட்டில் குழாய் சொட்டுவது போல இருந்தது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? வாசிங்க."

"எனக்கு இங்க எழுதவே இல்லையே சார். வந்து பாருங்க."

செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணியின் தாளில் ஒரு தடித்த கோடு, அதன்மேல் ஒன்பது என்ற எண். பிறகு வியோலாவின் தாளைப் பார்த்தார். ஒன்பது கட்டமும் நிறைந்திருந்தது.

"சரி, சரி. நீயும் வாசி. பின்னாடி உட்கார்ந்துக்க. போஸ்டர் மாத்தத்தான் நேரமில்ல."

அவள் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து நடுவில் போட்டாள். யோசித்து, இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளினாள்.

"நாப்பது போஸ்டர்தானே சார்? கையால எழுதிடலாம். குழலுக்கும் ஹார்ப்புக்கும் நடுவுல வியோலான்னு."

"எழுதலேன்னா?"

"நாளைக்கு அந்த இடத்துல நானும் மடியில வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்க முதல் வரிசையில இருப்பீங்க."

"மிரட்டுறியாம்மா?"

"ஆமா சார்."

"அடியேய் ஊமைக்கோட்டான்!" என்றாள் அண்ணி. அதிகம் பேசாத அவளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

பாகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவர் குனிந்து ஹார்ப்பின் ஏழு மிதிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அவள் வியோலாவை எடுத்துக்கொண்டாள். நடுவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். பாகன் ஒரு தந்தியை மீட்டிக் கொடுக்க, அதற்கு ஒத்துச் சுருதி சேர்த்தாள்.

கீழே போஸ்டர் கட்டு பிரியும் சத்தம் கேட்டது. தடித்த பேனாவின் மூடி திறந்தது.

"எழுத்து பெருசா வரட்டும் சார்," என்றாள், திரும்பாமலே. "கடைசி வரிசைக்குத் தெரியணும்."